அக்கரையில் என் மகளும் அவள் வண்டியும்

அன்பான பிள்ளைகளே, ஒரு மனிதனுக்குக் கண் இருக்கும், வாய் இருக்கும், இரண்டு கையும் இருக்கும். ஆனாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகும். எனக்கு அப்படி ஒரு நேரம் வந்தது. என் மகள் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு வயல் வரப்பில் நின்றேன். அவள் ஆற்றுக்கு அந்தக் கரையில். நான் இந்தக் கரையில். நடுவில் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் வர வேண்டும் என்று ஜெபித்ததும் நாங்கள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் என்னிடம் வந்து, சபையில் சொன்ன சாட்சியைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தாருங்கள் என்றார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பல பேருக்கு என்னைத் தெரியும். ஆராதனையில் எல்லாரும் முழங்கால் போடும்போது கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பாரே, அவர்தான் நான். குச்சி மாமா என்று நீங்கள் கூப்பிடுவது எனக்குத் தெரியும். கோபம் இல்லை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிப் போனது. முழங்கால் போட்டால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அதனால் நின்றபடியே ஜெபிப்பேன். கையைக் கூப்ப வேண்டுமானால் குச்சியைப் பிடிக்க முடியாதல்லவா? குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, இடது காலில் பாரத்தைப் போட்டு நிற்பேன். கொக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று என் மகள் எஸ்தர் சின்னப் பிள்ளையில் சிரிப்பாள்.

எஸ்தர் எங்களுக்கு ஒரே பிள்ளை. ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்துவிட்டு, ஒரத்தநாட்டில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்தோம். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, காலையில் ஊர் ஊராகப் போய், நடக்க முடியாத பெரியவர்களின் வீட்டில் ரத்தம் எடுத்து வர வேண்டும் என்று. சாப்பிடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், எடுத்ததைக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸை நம்பி அந்த வேலையைச் செய்ய முடியாது. வண்டி இருந்தால்தான் வேலை.

என் மச்சான், அதாவது எஸ்தரின் தாய்மாமன், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன் மோட்டார் சைக்கிளை எங்கள் வீட்டுச் சார்ப்பில்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார். சாக்குப் போட்டு மூடி, கோழி அதன்மேல் அடைந்துகொண்டிருந்தது. எஸ்தர் போனில் மாமாவிடம் கேட்டாள். அவர் எடுத்துக்கொள் என்றுவிட்டார். சாக்கை உருவிக் கழுவித் துடைத்து நிறுத்தினாள்.

வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. என் காலால் வண்டியின் பிரேக்கை மிதிக்க முடியாது. என் மனைவி ஞானம் சைக்கிள்கூட ஏறியதில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அப்பாவோ அண்ணனோ பின்னால் ஓடி வந்து சொல்லித் தருவார்கள். என்னால் ஓட முடியாது. சொல்லித் தர எனக்கு ஒன்றும் தெரியாது. என் பிள்ளைக்கு ஆபத்தான ஒன்றை அவளே கற்றுக்கொள்ளப் போகிறாள், நான் வேடிக்கை பார்க்கப் போகிறேன். இதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆண்டவரே, இந்த வண்டி கிளம்பவே கூடாது என்று ஜெபித்தேன். எஸ்தரோ, ஆண்டவரே, நாளைக்கு ஒரே உதையில் வண்டி கிளம்ப வேண்டும் என்று ஜெபித்தாள். குடும்ப ஜெபத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. ஞானம் கண்ணைத் திறந்து, "அப்பனும் மகளும் எதிரும் புதிருமா ஜெபம் பண்ணுனா, அவரு யாரு பேச்சத்தாங்க கேப்பாரு?" என்றாள்.

மறுநாள் ஒரே உதையில் கிளம்பிவிட்டது.

அறுவடை முடிந்த வயல் காய்ந்து கிடந்தது. அதில்தான் பழகினாள். பின்னால் ஓட வேண்டியது நான். ஓடியது ஞானம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஓடுவாள். நான் வரப்பில் நின்று, பாத்து, பாத்து என்று கத்துவேன். பாத்து என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை இல்லை. வண்டியைக் கிளப்பவும் ஓட்டவும் சீக்கிரம் பழகிவிட்டாள். நிறுத்த மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் நிறுத்துவதற்குப் பதிலாக முறுக்கிவிட்டாள். ஞானம் பிடியை விட மறந்து கொஞ்ச தூரம் இழுபட்டுப் போய் விழுந்தாள். வண்டி நேராக வைக்கோல் போரில் செருகி நின்றது. எஸ்தர் வைக்கோலுக்குள்ளிருந்து இருமிக்கொண்டே எழுந்து வந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அங்கே வைக்கோல் இல்லாமல் சுவர் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அன்றைக்கு என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, எனக்குத் தெரியாததை என் பிள்ளைக்குச் சொல்லித் தர ஒரு ஆளைக் காட்டும் என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்து இதைச் சொன்னேன். சில பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நோய்க்கு ஜெபிக்கச் சொல்வார்கள், கல்யாணத்துக்கு ஜெபிக்கச் சொல்வார்கள். பிரேக் பிடிக்க ஜெபிக்கச் சொன்னது நான் ஒருவன்தான். ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு அம்மா, ஒரத்தநாட்டில் பெண்களுக்கு என்று காலையில் பைக் கற்றுத் தருகிறார்கள், தன் மருமகள் அங்கேதான் பழகினாள் என்று சொன்னார். கேட்ட அந்த வாரமே பதில் கிடைத்தது.

சொல்லித் தந்தவர் பெயர் ரேவதி. எஸ்தரைவிடச் சில வயதுதான் மூத்தவர். பஸ்ஸில் எஸ்தரோடு நானும் போவேன். மைதானத்து ஓரத்தில் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் நாள் வண்டியைக் கிளப்பவே விடவில்லை. தலைக்கவசத்தைப் போடு, கழற்று, திரும்பப் போடு என்றார். பட்டையை மாட்டும்போது டிக் என்று சத்தம் கேட்க வேண்டும், சத்தம் கேட்காத ஹெல்மெட்டும் தலையில் கவிழ்த்த சட்டியும் ஒன்றுதான் என்றார். சைடு ஸ்டாண்டை எடுத்தாயா, கண்ணாடியைத் திருப்பினாயா, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாயா. இதையே கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தூக்கத்திலும் கேட்டது. அப்புறம் நிறுத்துவதற்குப் பழக்கினார். ஓட்டுவதற்குப் பழக்கியதைவிட நிறுத்துவதற்குப் பழக்கிய நாள்தான் அதிகம்.

ஒரு நாள் ஒரு கட்டு வைக்கோலை மைதானத்தில் பரப்பினார். அதன்மேல் மெதுவாக ஓட்டச் சொன்னார். ஓட்டியவர்கள் எல்லாருக்கும் பின்சக்கரம் நழுவியது. ஒவ்வொருவர் முகமும் வெளுத்தது. அப்போது ரேவதி சொன்னதை நான் இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். "ரோட்டு மேல கெடக்குறது எதுவும் ரோடு இல்லம்மா. நெல்லு, வைக்கலு, உளுந்து, சேறு, எதுவா வேணா இருக்கட்டும். அதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிரு. ஏறுனதுக்கப்புறம் பிரேக்கத் தொடாத. சந்தேகமா இருந்தா எறங்கித் தள்ளு. எறங்குறதுல ஒரு வெக்கமும் கெடையாது."

நம் ஊரில் வெட்கம் இருக்கிறது பிள்ளைகளே. அதுதான் பிறகு வம்பானது.

எங்கள் தெருவில் யாரும் வண்டி ஓட்டப் படித்தவர்கள் இல்லை. விழுந்து எழுந்து பழகியவர்கள்தான். எஸ்தர் வகுப்புக்குப் போவது தெருவுக்கே வேடிக்கையாகிவிட்டது. எதிர்வீட்டுப் பவுனக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன ஆசீர்வாதம், ஒம் மவ எத்தனாங் கிளாஸ் பாஸாயிருக்கா?" என்று கேட்கும். நல்ல மனசுள்ள அக்காதான். வாய்தான் சும்மா இருக்காது. சிங்கப்பூரிலிருந்து மச்சானும் போனில் சிரித்தார். தன் வண்டி முதல் முறையாகப் பள்ளிக்கூடம் போகிறது என்றார்.

முதலில் பழகுநர் உரிமம் வந்தது. நாள் கழித்து எட்டுப் போட்டுக் காட்டி ஓட்டுநர் உரிமமும் வாங்கினாள். ஞானம் சிவப்பு நிறத்தில் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தாள். தூரத்து வயலிலிருந்து பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்றுதான் சிவப்பு. பரிசோதனை நிலையத்தில் ஐஸ் வைத்த ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதுவும் சிவப்பு. பின்சீட்டில் கட்டிக்கொண்டு போவாள்.

இப்போது தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். வீடும் சாலையும் ஆற்றுக்கு ஒரு கரையில், நிலம் மறு கரையில். ஆறு என்று சொன்னாலும் அது வெட்டின வாய்க்கால்தான். கோடையில் தண்ணீர் இருக்காது. நான் குச்சியை ஊன்றிக்கொண்டு மணலில் குறுக்கே நடந்து வயலுக்குப் போவேன். தண்ணீர் வந்துவிட்டால் பாலம் சுற்றித்தான் போக வேண்டும். என் காலுக்கு அது பெரிய தூரம். ஆனாலும் தண்ணீர் வந்தால்தானே குறுவை? அந்த ஜூன் மாதம் சபையில் எல்லாரும் தண்ணீருக்காக ஜெபித்தோம். ஆற்றில் தண்ணீர் வந்த அன்று போய்ப் பார்த்து, கன்னத்தில் தெளித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னோம். முதல் தண்ணீர் செத்தை சருகெல்லாம் அள்ளிக்கொண்டு கலங்கலாகச் சுழித்து வந்தது. இரண்டொரு நாளில் கரை தொட்டது.

அந்த வாரம்தான் இது நடந்தது.

நான் நாற்றங்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். காலை வெயில் ஏறிவிட்டது. எதிர்க்கரைச் சாலையில் பவுனக்கா கோடை உளுந்தைச் செடியோடு பரப்பியிருந்தது. உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்து வழக்கம் அது. வண்டிகள் ஏறி ஏறிப் போனால் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும். அடிக்க ஆள் வேண்டாம். போகிற வண்டிக்காரர்கள் ஒதுங்காமல் அதன்மேல் ஏறிப் போவதுதான் மரியாதை. ஒதுங்கிப் போனால், எங்க உளுந்துல என்ன முள்ளா கெடக்கு என்று கேட்பார்கள். செடி நகராமல் இருக்க ஓரத்தில் கல் வரிசை. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை சாலை முழுக்க உளுந்துச் செடி, முழங்கால் அளவு புஸ்புஸ் என்று கிடந்தது. சாலையின் ஆற்றுப் பக்கம் தடுப்புச் சுவர் கிடையாது.

தூரத்தில் சிவப்புப் பொட்டு மாதிரி ஹெல்மெட் தெரிந்தது. எஸ்தர் ரத்தம் எடுத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அவளுக்கு வலப்பக்கம் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான். செடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். எனக்கு மூச்சு வந்தது. பவுனக்கா கல்லில் உட்கார்ந்திருந்தது. கையை ஆட்டி ஏதோ சொன்னது. என்ன சொன்னது என்று எனக்கு அப்போது கேட்கவில்லை. பிறகு எஸ்தர் சொன்னாள். "காலையிலேருந்து ஊரே ஏறிப் போவுது. நீ என்ன நின்னுட்ட? அத்தன நாளு கிளாசுக்குப் போனியே, இத ஓட்டச் சொல்லித் தரலியா?" என்று கேட்டதாம்.

பிள்ளைகளே, புதிதாக ஒன்று கற்றவர்களைக் கேலி செய்தால் அவர்கள் கற்றதையே விட்டுவிடுவார்கள். எஸ்தர் வண்டியை மறுபடி கியரில் போட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் இரண்டு கையையும் தூக்கி வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினேன். குச்சி வரப்பில் விழுந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள். அப்பா நம்மைப் பார்த்துக் கை காட்டுகிறார், வா வா என்கிறார் என்று நினைத்துவிட்டாள். முன்சக்கரம் செடிமேல் ஏறியது.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் கத்தினால் அவளுக்குக் கேட்காது. கை ஆட்டினால் அவள் வருகிறாள். போன வாரமாக இருந்தால் மணலில் இறங்கி விழுந்தடித்தாவது போயிருப்பேன். தண்ணீரைக் கேட்டோம், கொடுத்தார், அது நடுவில் நிற்கிறது. குதித்தால் இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் அக்கரை போய்ச் சேர மாட்டேன். செய்வதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. நான் கையை இறக்கினேன். குனிந்து குச்சியை எடுத்து அக்குளில் இடுக்கினேன். கையைக் கூப்பிக்கொண்டு, ஆண்டவரே, என் பிள்ளை, என் பிள்ளை என்றேன். கண்ணை மூடவும் பயமாக இருந்தது. தலையை மட்டும் குனிந்துகொண்டு மேல்கண்ணால் பார்த்தேன்.

அவள் வண்டி நின்றது.

ஏன் நின்றது என்று எனக்குப் புரியவில்லை. எஸ்தர் இறங்கினாள். எஞ்சினை நிறுத்தினாள். வண்டிக்கு இடது பக்கம், வயல் பக்கமாக நின்றுகொண்டு, தள்ள ஆரம்பித்தாள். செடி சக்கரத்தில் சுற்றியது. குனிந்து பிய்த்துப் போட்டுவிட்டுத் தள்ளினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

பாதிச் செடியைத் தாண்டியிருப்பாள். பின்னால் வளைவில் ஒரு லோடு ஆட்டோ வந்தது. ஓட்டி வந்தவர் வெளியூர். சாலையில் ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருக்க மாட்டார். செடிமேல் ஏறிய பிறகுதான் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, ஆட்டோ நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே வந்து, அரைவட்டமாகத் திரும்பி, வண்டியின் பின்பக்கத்தில் இடித்தது. வண்டி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கமாகப் போனது. கரையில் ஒரு புரட்டு புரண்டு தண்ணீரில் விழுந்தது. ஆட்டோ சாலைக்குக் குறுக்கே கரை விளிம்பில் நின்றது.

எஸ்தரைக் காணோம்.

ஆட்டோ மறைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அவள் இருக்கிறாளா, வண்டியோடு போனாளா, தெரியவில்லை. ஆற்றைப் பார்த்தேன். சிவப்பாக ஒன்று முழுகி எழுந்து சுழலில் போய்க்கொண்டிருந்தது.

நான் அழவில்லை. சட்டை வரப்பில் இருந்தது, போன் அதில் இருந்தது. எடுத்துக் கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் எண் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். திரும்பக் கூப்பிட்டேன். திரும்பவும் அதையே சொன்னாள். ஞானம் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். அவளைக் கூப்பிட்டு என்ன சொல்வது? கூப்பிடவில்லை.

பாலத்தை நோக்கி நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது தப்பு. இழுத்துக்கொண்டு போனேன். ஆற்றங்கரை ஒற்றையடிப் பாதை, புதுத் தண்ணீர் ஊறிச் சேறாகக் கிடந்தது. குச்சி புதைந்து புதைந்து வந்தது. ஓரிடத்தில் விழுந்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். அப்போது எனக்கு ஆண்டவர்மேல் கோபம் வந்தது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். கால் கொடுக்காமல் விட்டீர், சரி என்றேன். இருந்த ஒன்றையும் தண்ணீரில் விட்டீரா என்று கேட்டேன். அதுவும் ஜெபம்தான் என்று போதகர் ஐயா பிறகு சொன்னார். அன்றைக்கு எனக்கு அப்படித் தெரியவில்லை. சேற்றில் கையை ஊன்றி எழுந்தேன். திரும்ப நடந்தேன். பாலம் வரவே இல்லை. அக்கரையில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. ஓடுகிறவர்கள் தண்ணீரைப் பார்த்து ஓடுகிறார்களா, ஆட்டோவைப் பார்த்து ஓடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் ஓடினார்கள்.

பாலத்தைத் தாண்டியதும் யாரோ ஒருவர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

கூட்டம் விலகியது. எஸ்தர் வயல் பக்கத்துச் சரிவில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் தலையில் இருந்தது. இடது கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பவுனக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டி வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு சாலையில் குந்தியிருந்தார்.

எஸ்தர் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான். "அப்பா, ரத்தப் பெட்டி ஆத்தோட போயிருச்சுப்பா. பாவம், எல்லாருக்கும் மறுபடி ஊசி குத்தணும்."

சிவப்பாக மிதந்து போனது அந்தப் பெட்டிதான்.

நான் அவள் பக்கத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். ஹெல்மெட்டைத் தடவினேன். இடது பக்கம் காதுக்கு மேலே நீளமாக விரிசல். ஆட்டோ வண்டியை இடித்தபோது அவள் இடப்பக்கம் தூக்கி எறியப்பட்டு, செடி ஓரத்தில் வைத்திருந்த கல்லில் தலை மோதியிருந்தது. கல்லில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. ரத்தம் இல்லை, சாயம். அந்தக் கல்லை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கேட்டேன், செடிமேல் ஏறிய பிறகு ஏன் பாப்பா நின்றாய் என்று.

"நீங்க மொதல்ல கைய ஆட்டுனீங்க, வரச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்புறம் குச்சிய அக்குள்ள வச்சிக்கிட்டு நின்னீங்கல்ல. நடு வயல்ல, வெயில்ல, எதுக்கு அப்பா ஜெபம் பண்றாங்க? ஏதோ சரியில்லன்னு தோணுச்சு. ஒடனே ரேவதியக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. எறங்கிட்டேன்பா" என்றாள்.

பிள்ளைகளே, இதை நீங்கள் நன்றாக யோசித்துப் பாருங்கள். என் கத்தல் அவளைச் சேரவில்லை. என் கை ஆட்டல் அவளைத் தப்பாகச் சேர்ந்தது. வேறு வழி இல்லாமல், தோற்றுப்போய், கையைக் கூப்பினேனே, அதுதான் ஆற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. வண்டிமேல் உட்கார்ந்தபடி அந்தச் செடியில் தடுமாறிக்கொண்டிருந்தால், ஆட்டோ இடித்த இடியில் வண்டியோடு அவளும் ஆற்றில் போயிருப்பாள். என்னைச் சூம்பின காலோடு வைத்த ஆண்டவர், நான் நின்று ஜெபிக்கிற அந்தக் கொக்கு நிலையையே என் மகளுக்கு அடையாளமாக வைத்திருந்தார். முழங்கால் போட்டு ஜெபிக்கிறவனாக இருந்திருந்தால், ஆற்றங்கரை மேட்டுக்குப் பின்னால் நான் அவள் கண்ணில் பட்டே இருக்க மாட்டேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். தலைக்கு ஒன்றும் இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஞானம் வந்து சேர்ந்தபோது மகளை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வேட்டியெல்லாம் சேறு. இரண்டு பேரில் யாருங்க விழுந்தது என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

வண்டியை மறுநாள் கயிறு கட்டி இழுத்தார்கள். வண்டிப் பையில் எஸ்தரின் போன் தண்ணீர் குடித்துக் கிடந்தது. சக்கரம் முழுக்க உளுந்துச் செடி கயிறு திரித்த மாதிரி சுற்றியிருந்தது.

சாட்சி இதோடு முடிந்திருந்தால் எழுதுவது சுலபம். ஆனால் வண்டியைப் பழுதுபார்த்துச் சார்ப்பில் நிறுத்தி, கையில் கட்டும் பிரித்த பிறகும் எஸ்தர் அதைத் தொடவில்லை. பின்னால் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் சாலையை விட்டே இறங்கி நின்றுவிடுவாள். சார்ப்பில் கோழி திரும்ப வண்டிமேல் அடைய ஆரம்பித்தது. நான் முன்பு கேட்டதும் அதைத்தான், வண்டி கிளம்பக் கூடாது என்று. இப்போது கிளம்பவில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரத்தம் எடுக்க வேறு ஆள் போட்டுவிடப் போகிறோம் என்று பரிசோதனை நிலையத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள். இதற்கும் என்னிடம் மருந்து இல்லை. தைரியமாக ஓட்டு என்று சொல்ல, ஓட்டியே அறியாத எனக்கு என்ன தகுதி? அந்த இரவுகளில் நான் ஜெபித்ததெல்லாம், அவள் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, பயத்தில் அவளைத் தனியாக விடாதேயும் என்பதுதான்.

ஒரு காலையில் ரேவதி வீட்டுக்கு வந்தார். எஸ்தர் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. வந்தவர் முதலில் விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கினார். அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி யாரும் போடக் கூடாது, வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே போயிருக்கும் என்று சொல்லி, கத்தரியால் பட்டையை அறுத்துக் கொடுத்தார். அப்புறம் ரேவதி கொண்டுவந்த வேறு ஹெல்மெட்டோடு இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு எதிரே இருந்த களத்துக்குப் போனார்கள். முதல் நாள் மாதிரி எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பித்தார்கள். போடு, கழற்று, திரும்பப் போடு. நான் பின்னால் போகவில்லை. வாசலில் நின்றே டிக் சத்தத்தைக் கேட்டேன்.

இப்போது எஸ்தர் தினமும் போகிறாள். இருட்டு விலகுவதற்கு முன் கிளம்புவதில்லை. மழை பெய்தால் நின்று போகிறாள். பவுனக்கா அதற்கப்புறம் சாலையில் உளுந்து போடவில்லை. களத்தில் தார்ப்பாய் விரித்து, டிராக்டரை வரவழைத்து மிதிக்க விடுகிறது. போன அறுவடையில் வேறு யாரோ சாலையில் வைக்கோல் போட்டபோது, எங்க எஸ்தரு வர்ற ரோடு அது, அள்ளுங்க என்று சண்டைக்குப் போனதும் பவுனக்காதான். எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பெரியவர்களாகும்போது நிறுத்துங்கள்.

எனக்கும் ஒன்று மாறியது. கையாலாகாதவன் செய்வது ஜெபம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது எனக்கு. மற்ற அப்பாக்கள் பின்னால் ஓடுகிறார்கள், நான் வெறுமனே நிற்கிறேன் என்று வெட்கம். அந்த வெட்கம் போய்விட்டது. ஆனால் ஒன்று கேளுங்கள். நான் ஜெபித்தபோது எஸ்தருக்கு இறங்கத் தெரிந்திருந்தது. தலையில் ஹெல்மெட் இருந்தது. அது டிக் என்று மாட்டியிருந்தது. இதெல்லாம் முன்பே ஆண்டவர் ஒரு ஆளைக் காட்டிக் கற்றுக்கொடுத்து வைத்திருந்தது. கேட்டதைக் கொடுத்த பிறகு, அதைக் கற்றுக்கொள்ளாமல் விட்டிருந்தால், அந்தக் கரையில் என் ஜெபத்தைப் பார்த்து அவள் என்ன செய்திருப்பாள்?

உங்களுக்கும் ஒரு நாள் பதினெட்டு வயதாகும். அதற்கு முன்னால் மாமா வண்டி, சித்தப்பா வண்டி என்று எடுத்து ஓட்டாதீர்கள். பெட்ரோல் டேங்கின்மேல் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டும் காலம் வந்தால், தெரிந்தவரிடம் முறையாகப் பழகுங்கள். யார் சிரித்தாலும் பழகுங்கள். சந்தேகமாக இருந்தால் இறங்குங்கள். அப்புறம், உங்களால் ஒன்றுமே செய்ய முடியாத ஒரு கரையில் என்றைக்காவது நின்றால், ஓடிப் போய்விடாதீர்கள். அங்கேயே நின்று கையைக் கூப்புங்கள். ஆண்டவர் பார்க்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்கு வேண்டிய ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்று காலையும் எஸ்தர் புது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். கிளப்பிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நான் குச்சியை அக்குளில் இடுக்கினேன். அவள் கன்னத்துக்குக் கீழே கையைக் கொண்டுபோனாள். டிக் என்று கேட்டது. போய்விட்டு வா பாப்பா என்றேன்.